சீரங்கப்பட்டணத் தீவில் ஒருத்தி: குடிக்கணக்கு ஏடுகளின் வழியே

நம் பாட்டன்மார் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் ‘கானேஷ்குமாரி’ என்று வழங்கினர். வடநாட்டு இளவரசி ஒருத்தியின் பெயர்போல ஒலிக்கும் இச்சொல், ‘கானே ஷுமாரி’ என்னும் பாரசீகத் தொடர் மக்கள் நாவில் உருமாறிப் பிறந்தது. ‘கானே’ என்பது வீடு. ‘ஷுமாரி’ என்பது எண்ணுதல். வீடுகளை எண்ணுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். கன்னட நாட்டின் பழைய அரசாங்க ஏடுகளிலும் இச்சொல்லே ஆளப்பட்டது. இரு மொழிக்கும் பொதுவான இச்சொல்லைப் பற்றிக்கொண்டு ஓர் ஆராய்ச்சியில் புக விரும்புகிறோம். கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இடம்பெறாத ஓர் எளிய மனிதரை, அரசாங்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்குகளைக் கொண்டே, இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்து செல்ல இயலுமா என்பதே நம் வினா.

இவ்வினா பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. இம்மலரைக் கையில் ஏந்தும் குடும்பங்களுள் பல, இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னர்ச் சேலத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வடஆர்க்காட்டிலிருந்தோ மலைத்தொடர் ஏறி இந்நாட்டுக்கு வந்தவை. எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் முதலில் வந்தார், எந்த ஆண்டில் வந்தார் என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவர் நினைவிலிருந்து சொல்வதே சான்றாக நிற்கிறது. அவரும் மறைந்துவிட்டால் யாரைக் கேட்பது? அரசாங்கந்தான் எல்லாரையும் எண்ணி எழுதிற்றே, அங்கே தேடினால் அகப்படாதா என்று நினைப்பது இயல்பே.

மேலைநாட்டில் அகப்படும். ஸ்காத்லாந்துக்கு மேற்கே, அத்லாந்திக் பெருங்கடலில் செயின்ட் கில்டா என்றொரு சிறு தீவுக்கூட்டம் உண்டு. கடற்பறவைகளைப் பிடித்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த அத்தீவு மக்கள் 1851ஆம் ஆண்டுக் கணக்கில் 110 பேர். மறு ஆண்டே அவர்களுள் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். வழியில் பலர் மாண்டனர். எஞ்சியோரின் வழிவந்த 36 பேரும் 1930ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தீவை விட்டு வெளியேற, அது ஆளற்ற தீவாயிற்று. பிரிட்டனில் 1841 முதல் வீடுதோறும் ஆட்களின் பெயரையும் வயதையும் தொழிலையும் எழுதி, நூறாண்டு கழிந்தபின் அவ்வேடுகளை எவரும் காணத் திறந்துவிடுகின்றனர். இங்கிலாந்தின் 1921ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தீவுக்கிழவியையும், பத்து வயதுச் சிறுமியாய், மணமகளாய், கைம்பெண்ணாய், மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் மூதாட்டியாய், ஏடு ஏடாகப் பின்தொடரலாம். அங்கும் இழப்பு இல்லாமலில்லை. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் அனைத்தும் 1942இல் தீக்கு இரையாயின.

நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு. இங்கும் வீடுவீடாகச் சென்று ஆள் ஆளாக எழுதத்தான் செய்தனர். ஆயினும் எண்ணிக் கூட்டி, அட்டவணைகள் அச்சேறியதும் வீட்டுவாரி ஏடுகள் பயன் முடிந்த காகிதமாய்க் கழிக்கப்பட்டன. தீவிபத்தும் வெள்ளமும் செய்ய வேண்டிய வேலையை அலுவலக விதியே செய்து முடித்தது. பின்னர் வந்த 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, அவ்வேடுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்று கூறுகிறது. அச்சமின்றி மக்கள் உண்மை உரைக்கவேண்டும் என்னும் நல்ல நோக்கம் அதற்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நூறாண்டு கழிந்த பின்னும் நீங்காத மறைவு யாருடைய நலத்துக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்மிடம் எஞ்சியிருப்பவை அச்சிட்ட தொகுதிகளே. மைசூர் அரசின் தொகுதிகள் சிறப்பானவை. 1871ஆம் ஆண்டுக் கணக்கை லிண்ட்சே என்னும் படைத்தலைவரும், 1881ஆம் ஆண்டுக் கணக்கைக் கல்வெட்டு அறிஞர் லூயி ரைசும், 1891ஆம் ஆண்டுக் கணக்கை நரசிம்ம ஐயங்காரும், 1901ஆம் ஆண்டுக் கணக்கை ஆனந்தராவும் நடத்தி அறிக்கை வரைந்தனர். இவற்றைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்று பார்ப்போம். அதற்கு ஒரு தீவு வேண்டும், கடலுக்குப் போகவேண்டுவதில்லை. மைசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும்போதெல்லாம் நாம் ஒரு தீவைக் கடந்துதான் போகிறோம்.

காவிரி இரண்டாகப் பிரிந்து தழுவி ஓடும் சீரங்கப்பட்டணம் ஏறத்தாழ மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் உடையது. கோட்டை, அரங்கநாதர் கோயில், திப்பு சுல்தானின் கோடைமாளிகை, அவர் அடக்கமான கும்மட்டம் ஆகியவற்றையே வருவோர் காண்கின்றனர். வயல்களை எவரும் நின்று காண்பதில்லை. ஆனால் இத்தீவு உழவர் தீவு. பதினேழாம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராச உடையார் காலத்தில் அமைந்த பங்காரதொட்டிக் கால்வாய், காவிரி நீரை ஆற்றின் கிளையொன்றுக்கு மேலாகவே நீர்ப்பாலத்தில் ஏற்றிக் கொண்டுவந்து தீவுக்குள் பாய்ச்சியது. ஆற்றைத் தாண்டி ஆறு வருவதை அக்காலத்து உழவர் எவ்வளவு வியப்போடு பார்த்திருப்பர்!

தீவின் மக்களை முதன்முதல் எண்ணில் அடக்கித் தந்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அதற்கு மறு ஆண்டு, வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி சென்னையிலிருந்து புறப்பட்டு வந்த அம்மருத்துவர், கோட்டைக்குள் 4,163 வீடுகளும் 5,499 குடும்பங்களும், கஞ்சம் என்னும் புறநகரில் 2,216 வீடுகளும் 3,335 குடும்பங்களும் உள்ளன என்று குறித்தார். வீட்டுக்கு ஐவர் எனக் கொண்டு, தீவின் மக்கள் 31,895 பேர் என்று கணக்கிட்டார். இத்தொகையைச் சற்று உற்று நோக்குங்கள். ஆள் எவரும் எண்ணப்படவில்லை. வீடுகள் எண்ணப்பட்டு ஐந்தால் பெருக்கப்பட்டன. குடும்பங்களையே ஐந்தால் பெருக்கியிருந்தால் விடை 44,170 என்று வந்திருக்கும். பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர் ஒரு பெருக்கல் வாய்பாட்டில் தோன்றவும் மறையவும் கூடும் என்பதை இது காட்டுகிறது. ‘கானே ஷுமாரி’ என்னும் சொல் எவ்வளவு பொருத்தமானது!

கஞ்சத்தின் கதை புலம்பெயர்ந்த நமக்குத் தனியே உரியது. அவ்வூர் தானே தோன்றியதன்று. தம் தலைநகரின் புறத்தே மக்களை நிறைக்க விரும்பிய திப்பு, சிரா நகரிலிருந்து பன்னீராயிரம் குடும்பங்களை வலிந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றினார் என்று ரைஸ் எழுதுகிறார். கணக்கெடுப்பு ஏடு தோன்றும் முன்பே இத்தீவின் குடியானவருள் பலர் வந்தேறிகளாய் இருந்தனர். வந்தேறியவர் என்ற குறிப்பு அவர்களுடைய வீட்டு நினைவில் மட்டுமே இருந்தது.

இனி நம் ஒருத்தியை அழைத்து வருவோம். இவள் நாம் படைத்துக்கொண்டவள். எந்த ஏட்டிலிருந்தும் எடுத்தவள் அல்லள். 1859ஆம் ஆண்டு வாக்கில் கஞ்சத்தில், கீரையும் காயும் பூவும் பயிரிடும் தோட்டக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள் என்று கொள்வோம். கன்னட நாட்டில் அத்தொழிலில் பேர்பெற்றவர் திகளர். தமிழரைக் கன்னடர் பண்டைக்காலத்தில் ‘திகுளர்’ என்று அழைத்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறித் தோட்டத்தொழில் செய்தோர்க்கு அப்பெயரே சாதிப்பெயராய் நிலைத்தது. மொழி தேய்ந்தபின்னும் மொழியின் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது எண்ணத்தக்கது. நம் ஒருத்தியின் வீட்டில் முதியோர் தமிழ் பேசுகின்றனர். இளையோர் தெருவில் கன்னடம் பேசுகின்றனர்.

1871 நவம்பரில் மைசூர் நாடு முழுவதற்கும் ஒழுங்கான முதற்கணக்கு எடுக்கப்பட்டபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. நாட்டின் மொத்தத் தொகை 50,55,412. சீரங்கப்பட்டணத்தில் 10,594 பேர். புக்கானன் கணக்கோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். தலைநகர் மைசூருக்கு மாறியது. ஆங்கிலப் படையோ காய்ச்சலுக்கு அஞ்சிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெங்களூருக்குப் பெயர்ந்தது. மாளிகைகளின் மரங்களும் பிற ஊர்களுக்குப் போயின. உதகையிலுள்ள செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் இத்தீவிலிருந்து சென்றவையே. அரசும் படையும் போனபின் எஞ்சியவர்கள் நிலத்தோடும் கோயிலோடும் கட்டுண்ட மக்கள். நம் ஒருத்தி அந்தப் 10,594 பேரில் ஒன்று. அதற்குமேல் அந்தத் தொகுதி அவளைப்பற்றி ஒன்றும் சொல்லாது.

அடுத்துத் தாது ஆண்டு வந்தது. நம் முதியோர் நாவில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று இன்னும் வழங்கும் 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சம் மைசூரைப் போல வேறெந்த நாட்டையும் வாட்டவில்லை எனலாம். 1881ஆம் ஆண்டுக் கணக்கு அதைச் சொல்லாமல் சொல்கிறது. மைசூர் நாட்டில் அப்போது 41,86,188 பேர். பத்தாண்டில் வளர்ந்திருக்கவேண்டிய தொகை 8,69,224 குறைந்திருந்தது. நூற்றுக்குப் பதினேழு பேருக்குமேல் இல்லை. அறிக்கையின் ஒரு கழித்தல் கணக்குக்குள் ஒரு நாட்டின் ஒப்பாரியே அடங்கிக் கிடக்கிறது. ஆனால் தீவின் எண் வேறு கதை கூறுகிறது. சீரங்கப்பட்டணத்தின் தொகை ஏறத்தாழ 11,700 ஆக உயர்ந்திருந்தது. வானம் பொய்த்த காலத்தில் ஆறும் கால்வாயும் கைகொடுத்திருக்கும்; பெங்களூர்–மைசூர் இருப்புப்பாதைக்கு மண்வெட்டும் வேலை பஞ்சத்துயர் துடைப்பாகத் தொடங்கப்பட்டிருந்தது; பசித்தோர் நீருள்ள இடத்தை நாடி வந்திருப்பர். அவர்களுள் தமிழ்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து வந்தோரும் இருந்திருக்கக்கூடும். நம் ஒருத்தி பிழைத்தாள். அதற்குப் பின் அவள் தன் வயதையும் பிள்ளைகளின் வயதையும் அப்பஞ்சத்தை வைத்தே அளந்திருப்பாள்: ‘தாது வருஷத்தில் மடியில் இருந்தவன்’ என்று.

1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்பதை அறிந்துகொள்வது நன்று. நாடு முழுவதும் ஒரே இரவில், பிப்ரவரி 17ஆம் நாள், எண்ணினர். எண்ணுவோர் நடந்து செல்ல வெளிச்சம் வேண்டுமாதலின், இத்தகைய இரவுகள் முழுநிலவை ஒட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டன. ஊர்க் கணக்கராகிய ஷானுபோகரும் பள்ளி ஆசிரியரும் எண்ணும் பணியில் அமர்த்தப்பட்டனர். சில வாரங்களுக்கு முன்பே வீடுகளுக்கு எண் இட்டு, உள்ளவர்களைக் கறுப்பு மையால் எழுதிக்கொள்வர். குறித்த இரவில் மறுபடியும் வந்து, இடையில் இறந்தவரையும் ஊர்விட்டுப் போனவரையும் அடித்து, பிறந்த குழந்தையையும் வந்த விருந்தினரையும் சிவப்பு மையால் சேர்ப்பது பின்னாளில் வழக்கமாயிற்று. அன்றிரவு எவர் எங்கே உறங்கினாரோ அவ்வூர்க் கணக்கில்தான் அவர் சேர்வார். நம் ஒருத்தி அன்றைக்கு மைசூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பத்தாண்டுக்கு அவள் தீவுக்காரி அல்லள்!

இருபத்திரண்டு வயதான அவள் தன் வயதை இருபது என்றே சொல்லியிருப்பாள். அல்லது ஷானுபோகரே பார்த்து எழுதியிருப்பார். நம் நாட்டு வயது அட்டவணைகளைப் பார்த்தவர்க்கு இது தெரியும். இருபது, முப்பது, நாற்பது வயதில் மக்கள் மலைபோல் குவிந்திருப்பர். இருபத்தொன்றிலும் முப்பத்தொன்றிலும் பள்ளமாய் இருக்கும். பெயர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. வீட்டுப் பெண்டிர் பெயரை அயலார்முன் சொல்ல ஆடவர் தயங்கினால், வற்புறுத்தாமல் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்பது அக்காலத்து விதி. அழிந்துபோன அந்த ஏடு இன்று கைக்குக் கிட்டினாலும் அதில் அவள் பெயர் இருந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அந்த ஆண்டில் அவள் அறியாமலே அவள் காலடி மண்ணின் உரிமை மாறியது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சீரங்கப்பட்டணத் தீவு ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று. மைசூர் அரசு ஆண்டுதோறும் குத்தகைப்பணம் கட்டி அதை ஆண்டுவந்தது. 1881 மார்ச் 25ஆம் நாள் நாட்டாட்சி மீண்டும் உடையார் குலத்துக்கு வந்தபோது ஒரு பரிமாற்றம் செய்துகொள்ளப்பட்டது. தீவு மைசூருக்கு, அதற்கு ஈடாகப் பெங்களூர்த் தண்டுப்பகுதி ஆங்கிலேயர்க்கு. அந்தத் தண்டுப்பகுதியோ 1809 முதல் சென்னைப் படையோடு வந்த தமிழர் பெருந்தொகையாய்க் குடியேறி வாழ்ந்த இடம். கணக்கெடுப்பு முடிந்து ஐந்தே வாரத்தில், காவிரித்தீவின் உழவரும் அல்சூர்த் தமிழரும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கப்பட்டனர். எவரிடமும் யாரும் கேட்கவில்லை. நம் சங்க வரலாறுகளில் இந்நிகழ்ச்சிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கத் தகும் என்பது நம் கருத்து.

1891ஆம் ஆண்டில் தீவின் தொகை 12,551. அவளுக்கு முப்பத்திரண்டு, ஏட்டில் முப்பது. அக்கணக்கில் மொழிக்கலத்தில் கேட்கப்பட்ட வினா ‘பெற்றோர் மொழி எது?’ என்பது. தமிழ் என்று அவள் விடையிறுத்திருப்பாள். 1901ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் எண்ணியபோது வினா மாறிவிட்டது: ‘வழக்கமாகப் பேசும் மொழி எது?’ இப்போது அவள் கன்னடம் என்று கூறினால் அதுவும் உண்மையே. பத்தாண்டுக்குள் ஒரு தமிழச்சி மறைந்து ஒரு கன்னடத்தி தோன்றினாள். வீட்டில் ஒருவரும் பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை. 1901இல் மைசூர் நாட்டில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு நால்வர் என்று படிக்கும்போது, வினாவையும் சேர்த்துப் படிக்கவேண்டும். கோலார்த் தங்கவயலில் அவ்வாண்டு எண்ணப்பட்ட 38,204 பேரில் பெருந்தொகையினரான தமிழ்த் தொழிலாளர் ஐயமின்றித் தமிழர் பக்கம் விழுந்திருப்பர். கஞ்சத்துத் தோட்டக்காரி எந்தப் பக்கம் விழுந்தாள் என்பது எண்ணுபவரின் வாய்ச்சொல்லைப் பொறுத்தது.

1901ஆம் ஆண்டுக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் கால்வைத்த கொள்ளைநோய் விரைவில் மைசூரையும் தீவையும் பற்றியது. மைசூர் நகரம் 74,048இலிருந்து 68,111ஆகச் சுருங்கியது. சீரங்கப்பட்டணம் 12,551இலிருந்து 8,584ஆக வீழ்ந்தது. மூவருள் ஒருவர் இல்லை. எல்லாரும் மாண்டார் என்பதன்று. எலி விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு வயற்குடிசைக்கும் உறவினர் ஊருக்கும் ஓடினோர் பலர். ஏட்டில் இறந்தவனும் ஓடியவனும் ஒரே குறைவுதான். நம் ஒருத்தியை நாம் இங்கே இழக்கிறோம். நாற்பத்திரண்டு வயதில் அவள் எஞ்சிய 8,584 பேரில் ஒருத்தியா, காணாமற்போன 3,967 பேரில் ஒருத்தியா என்று கூற அச்சுத்தொகுதி எதனாலும் இயலாது.

அதே தீவில் பெயரோடு கிடப்பவர்களும் உண்டு. ஆங்கிலப் படைக்குரிய பழைய கல்லறைத் தோட்டத்தில், ஐரோப்பியப் படையதிகாரிகளும் அவர்தம் மனைவி மக்களும் ஏறத்தாழ முந்நூறு கல்லறைகளில் பெயரும் நாளும் பொறித்துத் துயில்கின்றனர். பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அவர்கள் வழித்தோன்றல்கள் வந்து பார்த்துச் செப்பனிட்டுச் சென்றிருக்கின்றனர். கஞ்சத்தில் அபே துபுவா பாதிரியார் தொண்டாற்றிய கத்தோலிக்க ஆலயம் உண்டு. அத்தகைய ஆலயங்களின் ஞானஸ்நான ஏடுகளில் ஏழைக் குடியானவர் பெயரும், தாய் தந்தையர் பெயரும் இடம்பெறும். மைசூர் மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ் 1894இல் தொகுத்து வெளியிட்ட நூலில் மானியம் பெற்றோர் பெயர்கள் உள்ளன. மானிய நிலத்தின் எல்லைக்கு உள்ளே உழுதவர் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி நம் எண்ணம் கடல்கடந்து செல்கிறது. ஏழைத் தமிழரின் பெயரை மிகத் துல்லியமாக எழுதி வைத்த ஏடுகள் வேறு தீவுகளில் உள்ளன. மொரீசியசுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற இந்தியர் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுடைய பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவை அடங்கிய பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. பலருடைய நிழற்படங்களும் உள்ளன. பிஜித் தீவுக்குச் சென்ற அறுபதாயிரம் பேருக்கும் தனித்தனி அனுமதிச்சீட்டு உண்டு. தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு, 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனில் வந்து நின்ற ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை போய்ச் சேர்ந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கோர் எண்ணுடன் சாதி, ஊர், தாலுக்கா, உடலிலுள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். முத்துசாமி ‘மூத்தூசாமி’ ஆனான். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். எழுத்துப் பிழையோடேனும் பெயர் நின்றது.

சேலத்து ஊர் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் இருந்தனர் என்று கொள்வோம். அண்ணன் சென்னைக்குப் போய்க் கப்பலேறி நேட்டாலில் கரும்பு வெட்டினான். தம்பி மேட்டூர் வழியாகக் காவிரியோரம் நடந்து வந்து மைசூரில் கொத்துவேலை செய்தான். அண்ணன் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவன். அவன் ஓடிவிட்டால் பிடித்துவர அவன் தழும்பும் உயரமும் துரைக்குத் தேவைப்பட்டன. தம்பி தன் விருப்பப்படி வந்தவன். அவன் எங்கே வந்தான், எங்கே போனான் என்று ஒருவருக்கும் அக்கறையில்லை. இன்று டர்பனில் வாழும் அண்ணன் பேத்தி ஏட்டைப் புரட்டிப் பூட்டன் பிறந்த ஊரைக் கண்டுபிடித்துக் கற்பூரம் ஏற்ற வருகிறாள். மைசூரில் வாழும் தம்பி பேரனுக்கு ஊர்ப்பெயர் தெரியவில்லை.

இலங்கைக்குச் சென்றோர் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கங்காணி அழைத்துச் சென்ற தோட்டத் தொழிலாளிக்கு, 1901 முதல், தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை கழுத்திலோ மடியிலோ கிடந்தது. சீட்டு இல்லாததன் கொடுமை 1948இல் தெரிந்தது. அவ்வாண்டு இயற்றிய 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்கச் சொன்னது. லயத்து வீட்டில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்று யார் கொடுத்தார்? 1871 முதல் பத்தாண்டுதோறும் இலங்கை அரசு அவர்களை எண்ணிக்கொண்டே வந்தது. இருந்தும் ஏறத்தாழ ஏழு இலட்சம் தமிழர் நாடற்றவர் ஆயினர். தலைகள் எண்ணப்பட்டன என்பது பெயருக்குச் சான்றாகவில்லை.

மைசூருக்கு மீள்வோம். 1931ஆம் ஆண்டு மைசூர்க் கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். பின்னாளில் ‘சிக்கவீர ராஜேந்திரன்’ நாவலுக்காக ஞானபீடப் பரிசு பெற்ற அதே கன்னடச் சிறுகதைத் தந்தைதான். வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதிய அவர், தாய்மொழியையும் அதனோடு வழங்கும் துணைமொழியையும் தனித்தனியே கேட்ட அக்கணக்கின் பொறுப்பாளராய் அமைந்தது பொருத்தமே. கஞ்சத்துத் தோட்டக்காரி 1931 வரை வாழ்ந்திருந்தால் எழுபத்திரண்டு வயது மூதாட்டி. இரண்டு கலங்களிலும் அவள் மொழிகள் இரண்டும் ஒரே நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். கதைகளில் எத்தனையோ எளிய பெண்டிர்க்குப் பெயர் தந்தவரின் கணக்கிலும் அவளுக்குப் பெயர் இல்லை.

குடும்பவழி தேடும் அன்பர்க்குச் சில சொற்கள். கணக்கெடுப்புத் தொகுதியில் உங்கள் பாட்டனார் கிடைக்கமாட்டார். அவர் காலத்து ஊரும் நோயும் பஞ்சமும் கிடைக்கும். அவரைத் தேடவேண்டிய இடங்கள் வேறு. மகனைச் சேர்க்கும்போது தந்தை பெயரும் சொந்த ஊரும் கேட்டெழுதிய தொடக்கப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஒன்று. ஆலை, இரயில்வே, தங்கவயல் போன்ற இடங்களின் பணியேடு ஒன்று. துணைப்பதிவாளர் அலுவலகத்தில் கிடக்கும் கிரயப் பத்திரம் ஒன்று. அதில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், சாட்சி ஆகிய அனைவர்க்கும் தந்தை பெயரோடு ஊரும் இருக்கும். குலதெய்வக் கோயிலின் வரிப்புத்தகத்தை மறக்கவேண்டாம். வெளியூர் போன பங்காளியின் பெயரை அங்கே தலைமுறை தலைமுறையாய் எழுதி வைப்பர், வரி பாக்கிக்காகவேனும். இவற்றுள் பள்ளிப் பதிவேடுகள் கரையானுக்கும் மழைக்கும் விரைந்து இரையாகி வருகின்றன.

2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்புத் தள்ளிப்போய், 2025 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கை 2027 மார்ச்சு முதல் நாளை அதற்குரிய நாளாகக் குறித்தது. தாய்மொழி யாது, பிறந்த ஊர் யாது, எங்கிருந்து வந்து குடியேறினீர் என்னும் வினாக்கள் நம் கணக்கெடுப்புகளில் வழக்கமானவை. அவற்றுக்குச் சொல்லும் விடையின் படியொன்றைக் குறிப்பேட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுபவரிடம் நீங்கள் கொடுக்கும் விடையை, 15ஆவது பிரிவின்படி, உங்கள் பேத்தியும் பார்க்கமுடியாது.